வெந்தயம்: உணவா, மருந்தா?

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் அண்டை வீட்டுக்காரனாய் இருக்கும் வெந்தயத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே என் பதில். ஏனெனில் இந்தச் சிறு விதை இன்று சமையலறையை விட்டுப் புறப்பட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்திருக்கிறது. பொடியாகவும், மாத்திரையாகவும், முளைகட்டிய தானியமாகவும் அது விற்பனையாகிறது. நம் பெற்றோர்களின் அலைபேசிகளுக்கு நாள்தோறும் வந்து சேரும் வைத்தியக் குறிப்புகளில் பாதியில் அதன் பெயர் இருக்கிறது. அவற்றில் தவறாமல் காணப்படும் ஒரு வாக்கியம், ‘இதற்குப் பக்க விளைவே கிடையாது’ என்பது. உடலில் ஒரு விளைவை உண்டாக்கும் பொருள் எதுவாயினும், அந்த விளைவு வேண்டாத இடத்திலும் வேண்டாத வேளையிலும் நிகழக்கூடும். அப்படி நிகழவே நிகழாது என்றால், அந்தப் பொருள் எதையும் செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். வெந்தயம் நிச்சயமாக எதையோ செய்கிறது. அது என்ன, எப்படி, எந்த அளவில் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீரையும் விதையும்

டில்லிக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. நாம் வெந்தயம் என்றால் விதையை நினைக்கிறோம். இவ்வூரார் ‘மேத்தி’ என்றால் கீரையை நினைக்கிறார்கள். குளிர்காலம் பிறந்துவிட்டால் விடுதிச் சாப்பாட்டு அறையில் உருளைக்கிழங்கும் வெந்தயக் கீரையும் சேர்ந்த கறி வாரத்தில் மூன்று நாட்கள் தலைகாட்டும். பராட்டாவிலும் அதே கீரை. விதையைக் குறிக்க வேண்டுமானால் ‘மேத்தி தானா’ என்று அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள். இராஜஸ்தானத்து மார்வாடி இல்லங்களிலோ விதையே கறியாகிறது. ஊறவைத்து வேகவைத்துக் கசப்பு நீரை வடித்து, உலர்ந்த திராட்சையும் புளிப்பும் சேர்த்துச் சமைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தய லட்டு கொடுக்கும் வழக்கமும் வடக்கே பரவலாக உண்டு. நம் ஊரில் வெந்தயக் களி கிண்டிக் கொடுக்கும் பாட்டிமார்களுக்கு இந்த லட்டு அந்நியமாகத் தோன்றாது.

பெயரிலும் உறவு உண்டு. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இன்றும் ‘மெந்தியம்’ என்றுதான் சொல்லுவார்கள். கன்னடத்தில் மெந்த்யா, தெலுங்கில் மெந்துலு, இந்தியில் மேத்தி. மலையாளத்தில் மட்டும் உலுவா.

தாவர நூலார் இச்செடிக்கு இட்டிருக்கும் பெயர் டிரைகோனெல்லா ஃபீனம் கிரீக்கம். பின்னிரண்டு சொற்களுக்கும் ‘கிரேக்க வைக்கோல்’ என்பது பொருள். ஐரோப்பாவில் பழங்காலத்தில் இது கால்நடைத் தீவனமாகப் பயன்பட்டதால் வந்த பெயர். எகிப்து நாட்டில் 1922-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையிலும் வெந்தய விதைகள் காணப்பட்டன. இன்று உலகில் மிகுதியாக வெந்தயம் விளைவிக்கும் நாடு இந்தியாதான். இராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலப் பயிராக அது விளைகிறது.

ஒரு செய்தியை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வெந்தயம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் அதற்கு உறவு. இவ்வுறவு பின்னால் ஓர் அபாயத்தைப் பற்றிப் பேசும்போது உதவும்.

வழவழப்பின் இரகசியம்

இரவில் ஒரு கரண்டி வெந்தயத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் காலையில் பார்த்தால், விதைகள் பருத்து, தண்ணீர் கொழகொழப்பாக இருக்கும். இட்லி மாவுக்கு வெந்தயம் போட்டு அரைப்பதும், தலைக்கு அரைத்துத் தேய்ப்பதும் இக்கொழகொழப்பை நம்பித்தான். வெந்தயத்தின் மருத்துவ குணங்களில் பெரும் பகுதி இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

விதையைக் குறுக்கே வெட்டினால், வெளியே ஒரு மஞ்சள் தோல், உள்ளே முளையாகப் போகும் பருப்பு, இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு ஆகியவற்றைக் காணலாம். பருப்பில் புரதமும் சிறிது எண்ணெயும் இருக்கின்றன. விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதமே. நடு அடுக்கில்தான் கேலக்டோமன்னன் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. மேன்னோஸ் என்னும் சர்க்கரை மணிகளை நீளமாகக் கோத்த சரம் அது; அச்சரத்தின் மணிகளில் கேலக்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரை பக்கவாட்டில் தொங்குகிறது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினும் இதே இனந்தான். ஆனால் கொத்தவரையில் இரண்டு மணிக்கு ஒரு தொங்கல். வெந்தயத்தில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று. சர்க்கரைகளால் ஆனதாயினும், நம் குடலின் செரிமான நீர்களால் இச்சரத்தை அறுக்க முடியாது. ஆகவே அது சர்க்கரையாக இரத்தத்தில் சேர்வதில்லை. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிக் குடலில் இறங்குகிறது.

இக்கூழ் என்ன செய்கிறது? சோற்றிலுள்ள மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்துக்குள் செல்ல வேண்டும். சாப்பாட்டோடு வெந்தயக் கூழ் கலந்திருந்தால், இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. குளுக்கோஸ் அக்கூழைக் கடந்து குடற்சுவரை அடையவும் நேரமாகிறது. கூட்டமான சந்தையில் நடப்பவன் வேகமாக நடக்க முடியாதது போன்ற நிலை. உண்ட பின் சட்டென்று உயரவேண்டிய இரத்தச் சர்க்கரை, படிப்படியாக உயர்கிறது. பித்த அமிலங்களையும் இக்கூழ் ஓரளவு பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. அவற்றை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிட நேர்கிறது.

வயிற்றுப்போக்குக்கும் வெந்தயம், மலச்சிக்கலுக்கும் வெந்தயம் என்று நம் வீடுகளில் சொல்லுவதைக் கேட்டு, ஒரே பொருள் நேர்மாறான இரண்டு நோய்களுக்கு எப்படி மருந்தாகும் என்று கேலி செய்வோர் உண்டு. கேலிக்கு இடமில்லை. நீர் மிகுந்த இடத்தில் நீரை வாங்கி வைத்துக்கொள்வதும், நீர் குறைந்த இடத்தில் தன்னிடமுள்ள நீரால் மலத்தை இளக்குவதும் கூழின் இயல்பே. ஆயினும் கடுமையான வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான் என்பதை மறக்கக்கூடாது.

கூழைத் தவிர வேறு பொருள்களும் இவ்விதையில் உண்டு. 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்னும் அமினோ அமிலம் அவற்றுள் ஒன்று. கணையத்திலிருந்து பிரித்தெடுத்த இன்சுலின் சுரக்கும் திசுக்களின் மேல் இதனைச் சேர்த்தபோது, குளுக்கோஸ் மிகுந்திருந்த நிலையில் இன்சுலின் கூடுதலாகச் சுரந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் வெளியிட்டார்கள். காப்பிக் கொட்டையிலும் காணப்படும் டிரைகோனெலின் என்ற பொருள் முதன்முதலில் வெந்தயத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. செடியின் பெயரே அதற்கும் ஆயிற்று. கசப்புக்குக் காரணமாகும் சாப்போனின்களும், ஸ்டீராய்டு மருந்துகள் செய்ய உதவும் டயாஸ்ஜெனினும் இதில் உண்டு. இத்தனை சரக்குகள் ஒரு விதையில் இருக்கும்போது அதைப் ‘பக்க விளைவற்றது’ என்பது அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவதாகும்.

பரிசோதனைகள் சொல்வது என்ன?

நீரிழிவுக்கு வெந்தயம் நல்லது என்பதை நம் நாட்டு விஞ்ஞானிகளே முறையாகப் பரிசோதித்திருக்கிறார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்குப் பத்து நாட்கள் வெந்தயம் சேர்ந்த உணவு கொடுத்து, அதன் முடிவை 1990-ல் வெளியிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் சிறுநீரில் வெளியாகும் சர்க்கரையின் அளவு 54 சதவிகிதம் குறைந்திருந்தது. இந்த எண்ணைப் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வெந்தயம் எவ்வளவு என்பதைச் சொல்வோர் அரியர். கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம்! ரொட்டியில் கலந்து, பகலில் பாதியும் இரவில் பாதியுமாகக் கொடுத்தார்கள்.

இந்த 100 கிராமைச் சமையலறை அளவில் கணக்கிட்டுப் பார்ப்போம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். நான்கு பேருக்கு வைக்கும் குழம்பில் கால் கரண்டி வெந்தயம் தாளித்தால், ஆளுக்குக் கிடைப்பது கால் கிராம். ஹைதராபாத்தில் நோயாளிகள் உண்டது இருபத்தைந்து கரண்டி, அதாவது குழம்பில் நாம் உண்பதைப் போல் 400 மடங்கு. குழம்பைத் தின்று மருந்தின் பலனை எதிர்பார்ப்பவரும், மருந்தளவு தின்றுவிட்டு ‘இது வெறும் குழம்புச் சாமான்தானே’ என்பவரும் ஒரே பிழையைத்தான் இரு பக்கமும் செய்கிறார்கள்.

மற்றொரு பரிசோதனை ஜெய்ப்பூரில் நடந்து, 2001-ல் வெளியாயிற்று. புதிதாக நீரிழிவு கண்ட 25 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வெந்தயச் சாரம் நாளொன்றுக்கு 1 கிராம்; மற்றவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, அவற்றோடு மருந்தற்ற வெறும் குளிகை. இரண்டு மாதங்களுக்குப் பின், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை வெந்தயப் பிரிவில் குறைந்திருந்தது. மறு பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது! இன்சுலின் வேலை செய்யும் திறத்தில் மட்டும் வெந்தயப் பிரிவு மேம்பட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவு இல்லாமல் போயிருந்தால், உணவுக் கட்டுப்பாட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் உரிய புகழையும் வெந்தயமே தட்டிக்கொண்டு போயிருக்கும். ‘எங்கள் மாமாவுக்கு வெந்தயத்தால் குணமாயிற்று’ என்று யாரேனும் கூறும்போது, அம்மாமா அதே மாதத்தில் காலை நடையையும் தொடங்கினாரா, இனிப்பை நிறுத்தினாரா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்லது.

இப்படிப்பட்ட பத்துப் பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெந்தயம் நீரிழிவு நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்றும், நாளொன்றுக்கு 5 கிராமும் அதற்கு மேலும் உட்கொண்டவர்களிடமே அப்பலன் தெளிவாகத் தெரிந்தது என்றும் அது கூறியது. தொகுத்த பரிசோதனைகளில் பல தரத்தில் குறைந்தவை என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. ஆகவே நேர்மையான தீர்ப்பு இதுதான்: வெந்தயம் துணை செய்யும்; மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாற்றாகாது.

பால் சுரப்பதற்கு வெந்தயம் உதவுமா என்பதும் நெடுநாளைய கேள்வி. களியும் லட்டும் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. அவற்றில் நெய்யும் வெல்லமும் மாவும் இருக்கின்றன. ஆனால் தாய்ப்பால் பெருக்கும் மருந்துகளைப் பற்றி 2020-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, வெந்தயம் உள்ளிட்ட மூலிகைகளைப் பொறுத்தவரை உறுதியான முடிவுக்கு வரப் போதிய சான்று இல்லை என்றே சொல்லிற்று. குழந்தை அடிக்கடி பால் குடிப்பதே சுரப்புக்குத் தலையாய தூண்டுதல். களியைக் கிண்டிக் கொடுத்துவிட்டு அதை மறப்பது சரியாகாது.

அபாயங்கள்

இனி மறு பக்கத்தைப் பார்ப்போம். முதலாவதும் முக்கியமானதுமான அபாயம், வெந்தயத்தின் குணத்திலிருந்தே பிறப்பது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் பொருளோடு, அதே வேலையைச் செய்யும் வேறொரு மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும்.

திருச்சியிலுள்ள என் பெரியப்பா பல ஆண்டுகளாக அத்தகைய மாத்திரை உண்டு வருபவர். யாரோ அனுப்பிய குறிப்பைப் படித்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் மூன்று கரண்டி வெந்தயப் பொடியை மோரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கினார். மாத்திரையையும் விடவில்லை. ஒரு நாள் பலகாரம் சாப்பிடாமலே கடைத்தெருவுக்குப் போனவர், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஒரு கடைத் திண்ணையில் சாய்ந்துவிட்டார். கடைக்காரர் சர்க்கரை கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். பலகாரத்தைத் தவிர்த்ததற்கும் அதில் பங்கு உண்டு. வெந்தயத்தின் மேல் மட்டும் பழி போட நான் முற்படவில்லை. என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று டாக்டர் கேட்டபோது, பெரியப்பா ‘ஒன்றுமில்லை’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெந்தயத்தை மருந்தாக நினைத்துக் குடித்தாரே தவிர, மருந்தென்று கணக்கில் சேர்க்கவில்லை. டாக்டரோ ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலை நம்பி மாத்திரையின் அளவை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரியம்மா இடையில் புகுந்து வெந்தயக் கதையைச் சொன்ன பிறகே விஷயம் விளங்கிற்று. நம் வீடுகளில் நிகழும் தீங்குகளில் பல, இந்த ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கின்றன.

திடீரென்ற வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை குறைந்ததற்கு அறிகுறிகள். நினைவிருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. வெந்தயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது. இது உடனே தெரியாது; கண்ணிலும் சிறுநீரகத்திலும் பல ஆண்டுகளுக்குப் பின் தெரியும். இரண்டில் எது கொடியது என்றால் பின்னதே.

இரண்டாவது அபாயம் கூழிலிருந்து வருவது. உலர்ந்த பொடியை வாயில் போட்டுச் சிறிதளவு நீரால் விழுங்கினால், அது தொண்டையிலும் உணவுக் குழாயிலும் பருத்து அடைத்துக்கொள்ளக்கூடும். முதியவர்களுக்கு இது மிகவும் ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து உண்டால், மாத்திரையின் மருந்து உடலில் சேர்வதையும் கூழ் தாமதப்படுத்தலாம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நலம். வயிற்று உப்புசமும் வாயுவும் வெந்தயம் உண்போர் பலருக்கும் தெரிந்தவை. குடலால் செரிக்க முடியாததைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல உயர்த்தினால் இத்தொல்லை குறையும்.

மூன்றாவது, ஒவ்வாமை. அவரைக் குடும்பம் என்று முன்னே சொன்னேன் அல்லவா? நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்வதில்லை. தடிப்பும் இருமலும் மட்டுமல்லாமல், மூச்சுத் திணறல் வரை போனவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் செய்திகள் உள்ளன.

நான்காவது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் என்னும் மருந்து உண்பவர்களைப் பற்றியது. வெந்தயத்தையும் போல்டோ என்னும் மற்றொரு மூலிகையையும் சேர்த்து உட்கொண்ட ஒரு நோயாளிக்கு, வார்ஃபாரினின் வேகம் கூடியதாக 2001-ல் ஒரு மருத்துவ ஏடு தெரிவித்தது. இரண்டு மூலிகைகளில் குற்றவாளி எது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் இதய வால்வு மாற்றியவர் வீட்டில் இருந்தால், மருந்தளவு வெந்தயத்தை அவருக்கு டாக்டரைக் கேளாமல் கொடுக்கலாகாது. கருவுற்ற பெண்களுக்கும் இதே விதிதான். குழம்பிலும் தோசையிலும் சேரும் வெந்தயம் அவர்களுக்குத் தீங்கு செய்யாது; பொடியும் சாரமும் குளிகையும் கூடா.

வாசனையால் வந்த வம்பு

வெந்தயம் நிறைய உண்டவர்களின் வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு தனி வாசனை வீசுவதைச் சிலர் கவனித்திருக்கலாம். சொடோலோன் என்னும் பொருளே அதற்குக் காரணம். கனடா நாட்டில் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகுக்கும் இதே வாசனை. 2005-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரில் சில நாட்களில் எங்கிருந்தோ அப்பாகின் மணம் வீச, மக்கள் திகைத்தார்கள். ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் வெந்தய விதையைப் பதப்படுத்திய ஒரு தொழிற்சாலையிலிருந்தே அது வந்தது என்று 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இது சிரிப்புக்குரிய கதை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சில அமினோ அமிலங்களைச் சிதைக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளின் சிறுநீரில் இதே மணம் வீசும். மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் என்று அதற்குப் பெயர். உடனே கவனிக்காவிட்டால் மூளையைப் பாதிக்கும். பிரசவ வேளையில் தாய் வெந்தயம் உண்டதால் நல்ல குழந்தையிடம் இம்மணம் வீச, கொடிய நோய் என்று மருத்துவர்கள் ஐயுற்றுப் பரிசோதனைகள் செய்ய நேர்ந்த நிகழ்ச்சிகள் உண்டு. குழந்தைக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தச் சில நாட்களில் அப்பெற்றோர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ‘வெந்தயம் சாப்பிட்டேன்’ என்ற இரண்டே சொற்கள் அதைத் தவிர்த்திருக்கும்.

முளைகட்டிய வெந்தயம்

இறுதியாக, விதையின் குற்றமல்லாத ஓர் அபாயம். 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியில் இரத்தக் கழிச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் திடீரெனப் பரவின. ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் கொடிய வகையொன்று காரணம். ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்து, அந்நாட்டு உழவர்கள் பெரு நட்டம் அடைந்தார்கள். பிறகு ஜெர்மனியின் வடபகுதியில் முளைகட்டிய விதைகள் தயாரித்த ஒரு பண்ணையின் மேல் கவனம் திரும்பியது. அடுத்த மாதமே பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகில் அதே பாக்டீரியா தோன்றவே, இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடினார்கள். 2009-ல் எகிப்திலிருந்து கப்பலேறிய ஒரு தொகுதி வெந்தயமே அது. விதைகளைச் சோதித்தபோது பாக்டீரியா அகப்படவில்லை. கொள்முதல் கணக்குகளைப் பின்தொடர்ந்து சென்றே அம்முடிவுக்கு வந்தார்கள்.

எத்தனையோ நூற்றாண்டுகளாக நாம் உண்ணும் வெந்தயத்தால் இப்படி நேரவில்லையே என்று கேட்கலாம். நம் சமையலில் வெந்தயம் எண்ணெயில் பொரிகிறது, அல்லது குழம்பில் கொதிக்கிறது, அல்லது மாவோடு வேகிறது. அந்தச் சூட்டில் நுண்ணுயிர் பிழைப்பதில்லை. முளைகட்டுவதோ வேறு. ஈரமும் வெதுவெதுப்பும் இரண்டு மூன்று நாட்களும் முளைக்குத் தேவை; பாக்டீரியாவுக்கும் அவையே தேவை. விதையில் ஒன்றிரண்டாக இருந்தவை முளையில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும். பின் அதைப் பச்சையாக உண்டால் கேட்பானேன்? ஆகவே முளைகட்டிய வெந்தயம் விரும்புவோர் அதை வேகவைத்தே உண்ணட்டும். முதியவர்களும் குழந்தைகளும் கருவுற்றவர்களும் பச்சையாக உண்ணவே வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

மேலே கூறியவற்றால் வெந்தயத்தை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. விடுதிக் கீரைக் கறியையும், வீட்டு வெந்தயக் குழம்பையும் அச்சமின்றி உண்ணலாம். உணவாக இருக்கும்வரை அது நம் பாட்டிமார் கொடுத்த அளவிலேயே நிற்கிறது. கசப்பே அதற்குக் காவல். பொடியாக்கிக் குளிகையில் அடைக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. அளவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தாக உண்ண விரும்புவோர் அதை மருந்தாகவே நடத்த வேண்டும். எத்தனை கரண்டி, எந்த வேளையில், எந்த மாத்திரையோடு என்பதை ஒரு தாளில் எழுதிவைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். தொடங்கிய வாரங்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை ஏதேனும் இருந்தால் முன்னதாகவே அதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே படிக்கிறோம். அவர்கள் என்ன மாத்திரை உண்கிறார்கள் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. அதனுடன் என்னென்ன பொடியும் கஷாயமும் சேர்கின்றன என்பது அறவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசும்போது, ‘மருந்து சாப்பிட்டீர்களா?’ என்று மட்டும் கேட்காமல், ‘வெந்தயம், பாகற்காய்ச் சாறு என்று வேறென்ன சாப்பிடுகிறீர்கள்? டாக்டரிடம் சொன்னீர்களா?’ என்றும் கேளுங்கள். அவர்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.